எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'

முகமூடிக்குள் துப்ப வேண்டும் என்று அத்தான் சொன்னபோது நான் சோற்றுக் கோப்பையோடு இருந்தேன். சொன்னதோடு விட்டாரா? செய்தே காட்டினார். மேசையில் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் ஆவி பறக்க இருக்க, பையிலிருந்து தன் நீச்சல் முகமூடியை எடுத்து, தாராளமாக அதற்குள் ஒரு துப்புத் துப்பி, பெருவிரலால் கண்ணாடி முழுவதும் தேய்த்தார்.

"இப்பிடிச் செய்தால்தான் தண்ணிக்குள்ளை கண்ணாடியிலை ஆவி படியாது. உலகம் முழுக்க எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறவை" என்றார்.

என் பத்து வயது மகன் கைதட்டினான். அதே பெருவிரலால் அத்தான் அப்பளத்தை உடைத்தார். நான் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தேன்.

அத்தான் என் கணவரின் அண்ணர். பதினைந்து வருடம் யேர்மனியில் இருந்துவிட்டு, அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்து தோர்ண்டன் ஹீத்தில் கடை போட்டவர். அவரும் அவருடைய மனைவியும் யேர்மனியில் ஏதோ ஒரு குளிர்ந்த ஏரியில், தண்ணீருக்கு அடியில் சுழியோடப் பழகியவர்கள். அதற்கான அட்டைகளை அவர் பணப்பையில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். முதுகில் கட்டும் உருளையை நாங்கள் ஒக்சிசன் என்று சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "ஒக்சிசன் இல்லை, காத்து. வெறும் காத்து" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். வெறும் காற்றுக்கு இவ்வளவு எடுப்பா என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு எச்சில் புதிதல்ல. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு பல் வைத்தியரிடம் தாதியாக இருக்கிறேன். நாள் முழுவதும் மற்றவர்களின் வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சியெடுப்பதுதான் என் வேலை. ஆனால் அங்கே எனக்குக் கையுறை உண்டு, முகக்கவசம் உண்டு, மாதம் முடிந்தால் சம்பளமும் உண்டு. அதைவிட அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் கோடை, பன்றிக்காய்ச்சல் பரவிய காலம். கதவுக்குக் கதவு கைகழுவச் சொல்லி அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் அந்தச் சட்டம் செல்லவில்லை.

அந்த வருடம் எங்களில் யாருக்கும் விடுமுறை என்ற சொல்லையே வாயில் எடுக்க மனம் வரவில்லை. ஊரில் போரை நிறுத்தச் சொல்லி வசந்தம் முழுக்கப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். என் பதினான்கு வயது மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு ட்ராமும் ரயிலும் மாறி வந்து பதாகை பிடித்தாள். மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு வீடுகளில் தொலைக்காட்சியைப் போடவும் பயம், நிறுத்தவும் பயம். அப்படிப்பட்ட ஒரு ஓகஸ்ட் மாதத்தில்தான் அத்தானுக்கு ஐம்பது வயது வருகிறது என்றும், ஒக்டோபர் பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சுழியோடப் போகிறோம் என்றும் அவரே முடிவெடுத்து, அவரே எங்களுக்கு அறிவித்தார். அவர்கள் இருவரும் அனுபவசாலிகள். நாங்கள் நால்வரும் குழாய்த் தண்ணீரைத் தாண்டாதவர்கள். இரண்டு தரப்புக்கும் பொருந்துகிற இடம் ஒன்று தேட வேண்டும்.

முதலில் அவர் சொன்னது ஊர்ப் பக்கத்து இடம் ஒன்று.

"திருகோணமலைப் பக்கம் இப்ப போகலாமாம். என்ரை யேர்மன் சிநேகிதன் ஒருத்தன் எழுதியிருக்கிறான். பவளப்பாறையெல்லாம் பழுதுபடாமல் அப்பிடியே கிடக்காம். இவ்வளவு காலமும் ஒருத்தரும் இறங்கேல்லைத்தானே."

ஏன் ஒருவரும் இறங்கவில்லை என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. என் கணவர் எழுந்து குசினிக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கிளாசுகளைத் திரும்பவும் கழுவத் தொடங்கினார்.

"அத்தான், அதே கடற்கரைதான். கொஞ்சம் வடக்கை போனால் எங்கடை சனம் கிடந்த இடம். மூண்டு மாசம் ஆகேல்லை. இதைக் கதைக்க உங்களுக்கு அருவருப்பாய் இல்லையோ?" என்று கேட்டேன்.

"நீர் எல்லாத்தையும் அதோடை கொண்டுபோய் முடியாதையும், பிள்ளை. நான் மீனைப் பற்றித்தான் கதைக்கிறன்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்தது செங்கடல். எகிப்துக்குப் போவது எங்களுக்குக் கட்டுப்படியாகும். அங்கேயும் இரண்டு வழி இருந்தது. ஒரு வாரம் கப்பலிலேயே தங்கி, நடுக்கடலில் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்ப்பது அத்தானின் ஆசை. நான் மதிய இடைவேளைகளில் முகவர்களுக்கு ஃபோன் எடுத்து விசாரித்தேன். பழகுபவர்களை அந்தக் கப்பலில் ஏற்றவே மாட்டார்களாம். நீரோட்டம் பலமாம். எங்களுக்குத் தேவை கரையில் இருந்தே நடந்து இறங்கக்கூடிய, இடுப்பளவு தண்ணீரில் தொடங்கும் கடல். அதே கரையில் கொஞ்சம் தள்ளிப் பாறை செங்குத்தாக ஆழத்துக்குப் போக வேண்டும், அப்போதுதான் பழகியவர்களுக்கும் அலுக்காது. அப்படி ஒரு ஹோட்டலை நான் தேடிப் பிடித்தேன். பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சியாளரும் இருந்தார்.

அத்தான் அந்த விளம்பரத் தாளை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "இது குழந்தைப் பிள்ளையள் கால் நனைக்கிற இடம்."

என்னைக் காப்பாற்றியது அவருடைய மனைவிதான். நான் அக்கா என்று கூப்பிடும் அந்த மனுசி, "எனக்குக் கப்பல் எண்டால் சத்தி வரும். ஒரு கிழமை என்னாலை ஏலாது" என்று சொல்லிவிட்டார்.

"சத்தி வந்தால் என்ன? தண்ணிக்குள்ளை வாயிலை கிடக்கிற குழாய்க்குள்ளாலையே எடுக்கலாம். அது வெளியிலை போகும், மீன் வந்து சாப்பிடும்" என்றார் அத்தான். அந்த வாந்திக் கதையையும் சாப்பாட்டு நேரத்தில்தான் சொன்னார். என் மகள் கரண்டியைக் கீழே போட்டாள். ஹோட்டல் என்று முடிவானது.

பழகுபவர்கள் வகுப்பையும் குளத்துப் பயிற்சியையும் லண்டனிலேயே முடித்துக்கொண்டு போனால், அங்கே நேராகக் கடலில் இறங்கலாம். குரோய்டனில் ஒரு நீச்சல் குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பயிற்சி நடந்தது. அதற்கு முதலில் ஒரு மருத்துவப் படிவம் நிரப்ப வேண்டும். இங்கேதான் எங்கள் ஆட்களின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பங்களில் படிவத்தை அவரவர் நிரப்புவதில்லை. வீட்டுக்கு ஒருவர், ஊருக்கு ஒருவர் என்று அதற்கென்று ஆள் இருப்பார். அகதி வழக்குகளுக்காக, குரோய்டனில் உள்துறை அமைச்சின் அந்தப் பெரிய கட்டடத்துக்கு முன்னால் வரிசையில் நின்று நாங்கள் படித்த பாடம் அது. ஒருவர் ஒன்றைச் சொல்லி, மற்றவர் வேறொன்றைச் சொன்னால் கதை கந்தல். அதனால் ஒரே கை, ஒரே பதில். கேட்டதற்கு மேல் ஒரு சொல் எழுதக்கூடாது. அத்தான் அந்தக் கலையில் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அவருடைய வீட்டு வரவேற்பறையில் அரசாங்கத்தின் மண்ணிறக் கடித உறைகளோடு எப்போதும் யாராவது இருப்பார்கள்.

எங்கள் நாலு படிவத்தையும் அவரே வாங்கி, ஐந்து நிமிடத்தில் நிரப்பினார். ஒவ்வொரு நோய்க்கும் எதிரே ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். அவர் மேலிருந்து கீழே வரை 'இல்லை' என்றே எழுதிக்கொண்டு போனார். முதல் கேள்வி கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பது. அதைக்கூட வாசிக்காமல் என் கணவருக்கும் என் மகனுக்கும் இல்லை என்று உறுதிமொழி கொடுத்தார்.

நெஞ்சில் சத்திரசிகிச்சை, நுரையீரல் காயம் என்ற வரியிலும் என் கணவருக்கு 'இல்லை' விழுந்தது.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தார்.

என் கணவருக்கு இடது அக்குளுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. ஊரில் இருந்த கடைசி வருடத்தில் ஷெல் துண்டு பாய்ந்து நுரையீரலில் ஓட்டை விழுந்து, குழாய் போட்டுக் காற்றை எடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னதல்ல. எங்கள் அகதி வழக்குக்காக இங்கே ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் வாசித்தது. கல்யாணம் செய்து பதினாறு வருடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒன்றரைப் பக்கம்தான். கேட்டால் எழுந்து போய்விடுவார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

மறுநாள் வேலையில், யாரோ ஒருவருக்கு என்று சொல்லி, பல் வைத்தியரிடம் கேட்டேன். அவரும் சுழியோடுகிறவர். கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ஆழத்தில் இழுத்த காற்று, மேலே வர வர விரியும். தழும்பு விழுந்த நுரையீரலில் அது எங்கேயாவது சிக்கிக்கொண்டால் உள்ளேயே கிழிக்கும். அதற்குக் கடல் தேவையில்லை, நீச்சல் குளத்தின் ஆழமே போதும். அந்த ஆள் இறங்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். என் கணவர் வேலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"விடும். இருவது வருசமாச்சு."

"வைத்தியர் சொல்லுறார், செத்துப் போகலாமெண்டு."

"அண்ணை பதினேழு வயசிலை வெளிநாடு போட்டார். அதுக்குப் பிறகு நானும் அவரும் சேந்து ஒண்டும் செய்ததில்லை. ஒருக்கால் அவரோடை தண்ணிக்குள்ளை இறங்கிப் பாக்கப்போறன். அதுக்கும் விடமாட்டீரோ?"

வைத்தியர் சொன்னதை அத்தானிடம் போய்ச் சொன்னேன். "சும்மா பயப்படாதையும். ஓம் எண்டு ஒண்டுக்கு எழுதினால் ஒம்பது கேள்வி கேப்பாங்கள்" என்றார். படிவத்தின் முன்னால் அவருக்குத் தன் தம்பியின் நெஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. எனக்கு அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனால் பயிற்சியாளருக்கு ஒரு ஃபோன் எடுத்திருந்தால் அன்றே காரியம் முடிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. புருசனின் அண்ணரைப் பொய்க்காரர் ஆக்கிய பெயர் எனக்கு வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை வரை ஒத்திப்போட்டேன்.

குளத்தில் கால் வைத்ததுமே எனக்கு உடம்பு கூசியது. குளோரின் மணத்துக்கு அடியில் ஈரச் சப்பாத்தின் நாற்றம். வடிகால் மூடியில் யார் யாருடையதோ முடி. தோலின் நிறத்தில் ஒரு பிளாஸ்டர் சுவர் ஓரமாக மிதந்து திரிந்தது. வாடகை ரப்பர் உடுப்புகள் ஒரு கம்பியில் தொங்கின. அவற்றுக்குள் எத்தனை பேர் மூத்திரம் பெய்திருப்பார்கள் என்று அத்தான் சிரித்துக்கொண்டே கணக்குச் சொன்னார். வாயில் கடிக்கும் ரப்பர்த் துண்டுகளை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பழைய பற்களின் தடம். அவை எந்தப் பற்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

பயிற்சியாளர் முப்பது வயதுக்குள்ளான வெள்ளைக்காரப் பெண். படிவங்களை வாசித்தபடியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். அவள் அக்குளுக்குக் கீழே விரலை நீட்டி, இது என்ன என்று கேட்டாள்.

அவர் ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டு நின்ற அந்த ஒரு கணத்தில், என் மகள் முந்திக்கொண்டாள். தகப்பனுக்காகக் கடையிலும் வங்கியிலும் எப்போதும் அவள்தான் பேசுவாள்.

"சின்ன வயதில் சைக்கிளில் இருந்து முள்ளுக்கம்பியின் மேல் விழுந்துவிட்டார்" என்று அழகான ஆங்கிலத்தில், புன்னகையோடு சொன்னாள்.

"ஓம், ஓம், சைக்கிள்" என்றார் அத்தான்.

என் மகள் பொய் சொல்லவில்லை. அது நான் அவளுக்குச் சொல்லி வைத்த கதை. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, தகப்பன் குளித்துவிட்டு வந்த நேரம் தழும்பைப் பார்த்துக் கேட்டாள். அவர் சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கினார். நான்தான் சட்டென்று சைக்கிளையும் முள்ளுக்கம்பியையும் கொண்டுவந்து போட்டேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஷெல்லைப் பற்றி என்ன சொல்வது? அன்றிலிருந்து அதுவே வீட்டுக் கதையாகிவிட்டது. இந்த வசந்தத்தில் பதாகையோடு வீட்டுக்கு வந்த ஓர் இரவு, உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா என்று அவள் தகப்பனிடம் கேட்டபோதும், இல்லை என்றுதான் அவர் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து தேங்காய்ப்பூ துருவிக்கொண்டிருந்தேன்.

பயிற்சியாளர் தலையசைத்துவிட்டு உருளையைத் தூக்கினாள். என் கணவர் முதுகைத் திருப்பிக் கொடுத்தார்.

"இல்லை" என்றேன் ஆங்கிலத்தில். என் குரல் குளத்துக் கூரையில் பட்டுப் பெரிதாகக் கேட்டது. "அது ஷெல் துண்டு. நுரையீரல் ஓட்டையாகிக் குழாய் போட்டிருக்கிறார்கள். படிவத்தில் எழுதியது பொய்."

அவள் உருளையை உடனே கீழே வைத்தாள். என் கணவரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக, தண்ணீரைவிட்டுத் தள்ளி உட்காரச் சொன்னாள். பிறகு நாலு படிவத்தையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தாள். ஒரே கை, ஒரே பதில். அன்று எங்களில் ஒருவரையும் இறக்க முடியாது என்றாள். என் மகன் அழத் தொடங்கினான்.

"எல்லாருக்கும் முன்னாலை மானத்தை வாங்கிப்போட்டீர். இது எங்கடை வீட்டு விசயம்" என்றார் அத்தான்.

"உங்கடை தம்பி செத்திருப்பார், அத்தான்."

"நான் பக்கத்திலை நிக்கிறன்தானே?"

பதினேழு வயதில் போனவர், ஷெல் விழுந்தபோதும் பக்கத்தில் நிற்கவில்லை. அதைச் சொல்ல வாய் வந்தது. என் கணவர் துவாயை நெஞ்சில் போர்த்திக்கொண்டு சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அக்கா மட்டும் வந்து என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். ஒக்டோபரில் அத்தானும் அக்காவும் மட்டும் செங்கடலுக்குப் போனார்கள், அக்காவுக்குச் சத்தி வந்தாலும் பரவாயில்லை என்று கப்பலில்.

நாங்கள் ட்ராமில் வீட்டுக்கு வந்தோம். மகன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு இருந்தான். மகள் தகப்பனுக்குப் பக்கத்தில், நான் அவர்களுக்கு எதிரே. உண்மையைச் சொன்னவள் என்ற சின்னப் பெருமை ஒன்று எனக்குள் இருந்ததை இப்போது மறைக்கப்போவதில்லை. சுற்றியிருந்த அத்தனை பொய்யிலும் நான் ஒருத்திதான் கை கழுவியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் எங்களோடு ஆங்கிலத்திலேயே பேசும் பிள்ளை, தமிழில் கேட்டாள்.

"அப்பா, அம்மா எனக்குச் சொன்னது பொய்யோ?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். எழுந்து போக ட்ராமில் இடமில்லை.

"முழுப்பொய் எண்டு சொல்ல ஏலாது, பிள்ளை. சைக்கிளாலை விழுந்தனான்தான். என்ரை சிநேகிதன்தான் சைக்கிளை ஓடினவன். நான் பின்னாலை கரியரிலை இருந்தனான். ஷெல் முன்னுக்கு வந்து விழுந்தது. அவன் எனக்கு மறைப்பாய் இருந்தவன். அதாலைதான் எனக்கு இவ்வளவோடை போச்சு."

"அவருக்கு?"

"அவன் அந்த இடத்திலையே முடிஞ்சான்."

அந்த வைத்தியரின் கடிதத்தில் சிநேகிதன் இல்லை. சைக்கிளும் இல்லை. எச்சிலுக்கும் முடிக்கும் மிதந்த பிளாஸ்டருக்கும் வராத அளவு அருவருப்பு எனக்கு என்மேலேயே வந்தது. ஒன்பது வருடங்களாக அந்தக் கதையை நான் பிள்ளைகளுக்கு மட்டுமா சொன்னேன்? கடற்கரையில், பிறந்தநாள் வீடுகளில், அவருடைய தழும்பைக் கண்டு யார் கேட்டாலும் முந்திக்கொண்டு சொல்வேன். சைக்கிள் ஓடத் தெரியாத மனுசன், முள்ளுக்கம்பியைப் போய்க் கட்டிப்பிடித்தார் என்று நடித்தே காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார்.